ஒற்றைக் கையெழுத்தும் ஐவரின் கையெழுத்தும்

பாரிய குற்றங்களை விசாரித்த சட்ட அதிகாரிகளைப் பற்றிப் பேசும்போது துணிச்சல் மிக்க ஓரிருவரின் பெயர்களையே நாம் நினைவுகூருகிறோம். அவர்களுக்கு மேலே அமர்ந்து வழக்குகளைப் பகிர்ந்தளித்தவர்களை மறந்துவிடுகிறோம். நீதிமன்றச் செய்திகளை நெடுங்காலம் எழுதியவன் என்ற வகையில், ஒரு வழக்கின் வாழ்வும் சாவும் பெரும்பாலும் மேற்பார்வையாளரின் மேசையிலேயே தீர்மானிக்கப்படுகின்றன என்பது எனது துணிபு. இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1980 ஆம் ஆண்டு அந்நகரின் தலைமை வழக்குத்தொடுநராக இருந்தவர் கயெத்தானோ கொஸ்தா. ஹெரோயின் கடத்தற் கும்பலொன்றுக்கு எதிரான பிடியாணைகளில் ஒப்பமிட அவரது உதவியாளர்கள் தயங்கினர். கொஸ்தா தனியாகவே ஒப்பமிட்டார். அவ்வாண்டு ஓகஸ்ட் 6 ஆம் திகதி நடுவீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒற்றைக் கையெழுத்து, கொலையாளிகளுக்கு ஒற்றை இலக்கைக் காட்டிக் கொடுத்தது.

அக்காலத்து இத்தாலியச் சட்டத்தின்படி பாரிய வழக்குகளின் புலன்விசாரணையை விசாரணை நீதிபதிகளே நடத்தினர். பலெர்மோவில் அவர்களின் தலைவராக இருந்த ரொக்கோ கின்னிச்சி, மேற்படி கும்பலின் வழக்கை ஜொவானி ஃபல்கோனே என்பவரிடம் ஒப்படைத்தார். ஃபல்கோனே துப்பாக்கியைத் தேடவில்லை, பணத்தைத் தேடினார். 1975 முதல் வெளிநாட்டு நாணயம் மாற்றப்பட்டதற்கான பற்றுச்சீட்டுகள் அனைத்தையும் தருமாறு மாகாணத்தின் வங்கிகளுக்கெல்லாம் எழுதினார். ஹெரோயின் கைமாறிய தடம் அழிந்துவிடும். டொலர் கைமாறிய தடம் வங்கிப் பேரேட்டில் தங்கிவிடும். கொலையும் பொருளாதாரக் குற்றமும் ஒரே கோவையில் இணைந்தது இவ்வாறுதான்.

1983 ஜூலை 29 ஆம் திகதி கின்னிச்சி தமது வீட்டு வாசலில் கார்க்குண்டு வெடித்துப் பலியானார். மெய்ப்பாதுகாவலர் இருவரும் கட்டடக் காவலாளியும் அவருடன் மாண்டனர்.

அந்த வெற்றிடத்துக்குத் தாமாகவே விண்ணப்பித்து வந்தவர்தான் இக்கட்டுரையின் நாயகர். அந்தோனினோ கப்பொன்னெத்தோ, சிசிலியில் பிறந்து புளோரன்ஸ் நகரில் பணியாற்றியவர். அப்போது அவருக்கு வயது 63. பலெர்மோவில் நான்கு ஆண்டுகளுக்கு மேலாகப் படைமுகாம் ஒன்றிலேயே வாழ்ந்தார்.

அவர் செய்த மாற்றம் மிக எளியது. மாஃபியா தொடர்பான வழக்குகளைத் தமது பெயரில் பதிந்துகொண்டார். பின்னர் ஃபல்கோனே, பாவுலோ பொர்செல்லினோ, ஜுசெப்பே தி லெல்லோ, லெயொனார்தோ குவர்னொத்தா ஆகிய நால்வருக்கும் பணிகளைப் பகிர்ந்தார். ஒருவர் அறிந்ததை மற்றவர்களும் அறிய வேண்டும் என்பதே விதி. ஒருவரைக் கொன்றால் வழக்கும் சாகும் என்ற கணக்கு அத்துடன் பொய்த்தது. ஆயுதக் குழுக்களை விசாரித்த வட இத்தாலிய நீதிபதிகளிடமிருந்து அவர் கற்றுக்கொண்ட முறை அது.

பலன் விரைவில் வந்தது. மாஃபியாவின் உள்வீட்டுக்காரரான தொம்மாசோ புஷெத்தா 1984 இல் ஃபல்கோனேயிடம் வாக்குமூலம் அளித்தார். செப்டெம்பர் 29 ஆம் திகதி 366 பிடியாணைகள் பிறந்தன. 1986 பெப்ரவரி 10 ஆம் திகதி தொடங்கிய பெருவழக்கில் 120 கொலைகளும், போதைப்பொருட் கடத்தலும், கப்பம் பெறுதலும் ஒரே குற்றப்பத்திரிகையில் இடம்பெற்றன. 1987 டிசெம்பர் 16 ஆம் திகதி 19 பேருக்கு ஆயுள் தண்டனையும், ஏனையோருக்கு மொத்தமாக 2,665 ஆண்டுகள் சிறையும் விதிக்கப்பட்டன. 114 பேர் விடுவிக்கப்பட்டனர். ஆத்திரத்தில் எழுதப்பட்ட தீர்ப்பன்று அது என்பதற்கு இந்த இறுதி எண்ணிக்கையே சாட்சி.

கப்பொன்னெத்தோ விலக முன்வந்தபோது, அடுத்தவர் ஃபல்கோனேயே என்று பலரும் எண்ணினர். 1988 ஜனவரி 19 ஆம் திகதி நீதித்துறை உயர் மன்றம் பணிமூப்பைக் காரணங்காட்டி அந்தோனினோ மெலியைத் தெரிவு செய்தது. வாக்குகள் 14க்கு 10, ஐவர் வாக்களிக்கவில்லை. தெரிவு சட்டப்படியானதே. ஆனால் மெலி, வழக்குகளைப் பல நீதிபதிகளுக்கும் பல நகரங்களுக்கும் பிரித்தனுப்பினார். குண்டுகளால் கலைக்க முடியாத குழுவை ஒரு நிருவாகத் தீர்மானம் கலைத்தது. மூப்பு என்பது நேர்மையான அளவுகோல்தான். ஆனால் எப்பணிக்கு எவர் என்ற கேள்வியைக் கேட்காதிருக்கவும் அது வசதியான திரை என்பதை அலுவலகங்களை அறிந்த வாசகர்கள் உணர்வார்கள்.

1992 ஜனவரி 30 ஆம் திகதி இத்தாலியின் அதியுயர் நீதிமன்றம் பெருவழக்கின் தண்டனைகளை உறுதிசெய்தது. மே 23 இல் ஃபல்கோனேயும், 57 நாட்களின் பின் ஜூலை 19 இல் பொர்செல்லினோவும் குண்டுகளுக்கு இரையாகினர். பத்திரிகைத் துறைக்கு நான் புதியவனாக இருந்த காலம் அது. குண்டுவெடிப்புகள் எம்மூர் வரை பெருஞ்செய்தியாக வந்தன. அவற்றுக்குக் காரணமான ஜனவரித் தீர்ப்பை எவரும் பேசக் கேட்டதில்லை.

மாஃபியா எதிர்ப்புக்கான தேசிய, மாவட்ட வழக்குத்தொடுநர் பணியகங்கள் 1991 இன் இறுதியிலேயே சட்டமாகியிருந்தன. தகவலைப் பகிர்வது அதன்மூலம் ஒருவரின் நற்குணமாக அன்றி, பதவியின் கடமையாக மாறியது. பொர்செல்லினோ இறந்தபோது எல்லாம் முடிந்தது என்று கலங்கிய கப்பொன்னெத்தோ, பின்னர் தேறி, பாடசாலை பாடசாலையாகச் சென்று மாணவரிடம் பேசினார். 2002 டிசெம்பர் 6 ஆம் திகதி காலமானார்.

வீரர்கள் தோன்றும் நாட்டை நாம் வியக்கிறோம். வீரர் ஒருவர் வீழ்ந்தாலும் கோவை மூடப்படாத நாடே நீதிக்கு ஏற்றது.