இயந்திரத்திற்கு ஒரு பூட்டு

மும்பை ஆலைத் தொழிலாளரிடையே 'லாக்-அவுட்' என்னும் சொல் நெடுங்காலமாகக் கதவடைப்பையே குறித்து வந்தது. முதலாளி ஆலை வாயிலைப் பூட்டினால் தொழிலாளியின் வீட்டில் அடுப்பு அணைந்தது என்று பொருள். அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. பழுதுபார்ப்பதற்காக நிறுத்திய இயந்திரத்தை வேறெவரும் ஓட்டிவிடாதவாறு, அதன் விசையைப் பூட்டிச் சாவியைப் பழுதுபார்ப்பவரே வைத்துக்கொள்வது. இந்த இரண்டாவது பூட்டு வந்த வரலாற்றை நாம் இங்குச் சிறிது காண்போம்.

1854-இல் காவஸ்ஜி தாவர் பம்பாயில் நூற்பு நெசவுக் கம்பெனி ஒன்றை நிறுவினார். 1856-இல் அந்த ஆலை ஓடத் தொடங்கிற்று. அக்காலத்து ஆலைகளில் ஒரே நீராவி எஞ்சின்தான் எல்லாவற்றுக்கும் விசை கொடுத்தது. அது கூரையடியில் நீண்ட இரும்புத் தண்டுகளைச் சுழற்றும். தண்டுகளிலிருந்து தோல் வார்கள் இறங்கி ஒவ்வொரு தறியையும் ஓட்டும். ஒரு தறியை மட்டும் நிறுத்த வேண்டுமானால், தறியை ஓட்டும் கப்பியிலிருந்து வாரைப் பக்கத்திலுள்ள வெறுங்கப்பிக்குத் தள்ளிவிடுவார்கள். ஆனால் வார் தானாகவே ஊர்ந்து பழைய கப்பிக்குத் திரும்பிவிடுவதும் உண்டு. அப்போது தறிக்குள் ஒருவருடைய கை இருந்தால் என்ன நேரும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

ஆலைகளின் நிலையை ஆராயப் பம்பாயில் 1875-இல் ஒரு குழு அமைந்தது. 1881-இல் இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் பிறந்தது. சிறுவர்களின் வேலை நேரத்தைக் குறைப்பதே அதன் முதன்மை நோக்கம். எனினும், ஆபத்தான இயந்திரங்களைச் சுற்றி வேலி அமைக்க வேண்டும் என்றும் அது விதித்தது. நல்ல விதிதான். ஆயினும் வேலி, ஓடும் இயந்திரத்தின் அருகே செல்வோரைக் காப்பது. பழுதுபார்க்க வருபவரோ முதலில் அந்த வேலியைத்தான் கழற்றுகிறார்! அவருக்கு என்ன காவல் என்பதைச் சட்டம் சிந்திக்க நெடுநாள் ஆயிற்று.

1915-இல் கோப்போலி நீர்மின் நிலையத்திலிருந்து பம்பாய் ஆலைகளுக்கு மின்சாரம் வந்தது. காலப்போக்கில் இயந்திரத்துக்கு இயந்திரம் தனி மோட்டார் பொருத்தப்பட்டது. ஆபத்தும் வேறு உருவம் கொண்டது. தோல் வார் கண்ணுக்குத் தெரிவது. மின்விசைப் பொத்தானோ வேறொரு சுவரில், சில இடங்களில் வேறொரு அறையில் இருப்பது. விசையை அழுத்துபவரும் இயந்திரத்துக்குள் கைவிட்டிருப்பவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. காதுக்கும் வழியில்லை. மராத்தியர், கொங்கணியர், உத்தரப்பிரதேசத்தார், தெலுங்கர், தமிழர் எல்லாரும் கூடி உழைக்கும் நகரம் இது. தறிகளின் பேரிரைச்சலில் 'பந்த்' என்று கூவினார்களா, 'சாலு' என்று கூவினார்களா என்பதைத் திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்த ஒருவர் எவ்வாறு அறிவார்? மொழி தெரியாத இடத்தில் வாய்ச்சொல்லை நம்பி உயிரை வைக்க முடியாது.

மின்பணியாளர்கள் தாமாகவே ஓர் உபாயம் கண்டனர். பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குச் செல்வார்கள். பூட்டுக்கு இதையே மூதாதை என்று நாம் கருதுகிறோம். ஒற்றை இருப்புப் பாதையில் ஒரு வண்டிக்கு ஓர் உலோகப் பந்தைக் கொடுத்து, அது அடுத்த நிலையத்தில் சேரும்வரை எதிர்வண்டியை விடாதிருந்தார்களே, அந்த ஏற்பாட்டின் தத்துவமும் இதுவே. ஆனால் பியூஸ் கட்டையில் ஒரு குறை உண்டு. அவசரக்காரர் ஒருவர் பக்கத்துப் பெட்டியிலிருந்து வேறொரு கட்டையை எடுத்துச் செருகிவிடலாம்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், வார் ஊர்ந்து திரும்பாதிருக்கக் கருவி வேண்டும் என்றும், ஒவ்வொரு வேலைக்கூடத்திலும் ஆபத்து வேளையில் விசையைத் துண்டிக்க வழி வேண்டும் என்றும் கூறிற்று. தற்செயலாக இயங்கு நிலைக்கு மாறக்கூடிய விசையைப் பூட்டி வைக்க ஏற்பாடு வேண்டும் என்னும் வாசகம் 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சேர்ந்தது. வேலியிலிருந்து பூட்டுக்கு வர 95 ஆண்டுகள்!

இதற்குள் செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1954, 1955-ஆம் ஆண்டுகளில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், பின்னர் உர ஆலையும் எழுந்துவிட்டன. இத்தகைய இடங்களில் ஒரே பம்பில் பிட்டர், மின்பணியாளர், சாரம் கட்டுபவர், வர்ணம் பூசுபவர் எனப் பலர் ஒரே நாளில் வேலை செய்வார்கள். ஒருவர் வேலையை முடித்துப் பூட்டைத் திறந்துவிட்டால் மற்றவர் கதி என்ன? இதற்காக வந்ததே பல துளைகள் கொண்ட நாதாங்கி. ஒவ்வொருவரும் தம் பெயர் எழுதிய அட்டையுடன் தம் பூட்டை ஒரு துளையில் மாட்டுவர். கடைசிப் பூட்டு கழலும்வரை விசை அசையாது. மின்சாரத்தை நிறுத்தினால் மட்டும் போதாது. குழாயில் தங்கிய நீராவியை வெளியேற்ற வேண்டும். எண்ணெய்க் குழாயின் இணைப்பில் இரும்புத் தகட்டைச் செருகி அடைக்க வேண்டும். பிறகு பொத்தானை ஒருமுறை அழுத்தி, இயந்திரம் ஓடவில்லை என்று கண்ணால் காண வேண்டும்.

ஒருவர் செய்வதை மற்றவர் அறியாதிருந்தால் விளைவது என்ன என்பதை 1988 ஜூலை 6-ஆம் நாள் வடகடலில் பைப்பர் ஆல்பா எண்ணெய்த் தளம் காட்டிற்று. ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பகல் பணியாளர் கழற்றியிருந்தனர். அச்செய்தி இரவுப் பணியாளரை எட்டவில்லை. மற்றொரு பம்பு நின்றுவிடவே அவர்கள் இதை ஓட்டினர். மாண்டவர் 167 பேர். 1990-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, அடைத்த வால்வுகளைப் பூட்டி அட்டை தொங்கவிட வேண்டும் என்று வற்புறுத்திற்று.

தாராவியின் நிலை வேறு. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டபோது, மின்விசை உள்ள இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை எனப்பட்டது. நான்கைந்து பேர் பிளாஸ்டிக் அரைக்கும் கொட்டகை அந்தக் கணக்கில் வராது. ஆனால் அங்கும் அலகில் துண்டு சிக்கிக்கொள்ளும்; அங்கும் யாரோ ஒருவர் கைவிட்டு எடுப்பார். பெரிய ஆலைகளில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்குத் தனிப் பூட்டுத் தராமல், மேற்பார்வையாளரின் பூட்டே போதும் என்று விட்டுவிடுவதும் இதே குறைதான். சாவி வேறொருவரிடம் இருக்குமானால் அது அவருடைய பூட்டு, இவருடையதன்று.

ஒருவர் தம் பூட்டைக் கழற்ற மறந்து குர்லாவில் ரயிலேறி வீடு சென்றுவிட்டால்? அமெரிக்க அரசாங்கம் 1989-இல் வெளியிட்ட விதி இதற்கும் முறை வகுத்தது. அவர் ஆலைக்குள் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அவரைத் தொடர்புகொள்ள முயல வேண்டும். அதன் பின்னரே பொறுப்பாளர் பூட்டை அகற்றலாம். மறுநாள் அவர் வேலையைத் தொடங்குமுன், அவருடைய பூட்டு எடுக்கப்பட்டுவிட்டது என்று அவரிடம் கூறியாக வேண்டும்.