மூன்று குவியல்கள்: கொண்டச்சிச் சலாபத்தில் நேர்மை குடியிருந்த இடம்

கடலடிச் சிப்பிப் படுகையான முத்துப்பாரிலிருந்து திரும்பிய வள்ளங்கள் கரை தட்டியதும், முத்துக்குளிக்கும் குளிகாரர்கள் சிப்பிக் கூடைகளைச் சுமந்துகொண்டு 'கொட்டு' என்ற வேலியடைப்புக்குள் ஓடுவார்கள். அங்கே ஒவ்வொரு வள்ளத்தாரும் தம் சிப்பியைத் தாமே மூன்று குவியலாகப் பிரித்து வைக்க வேண்டும். அரசாங்க உத்தியோகத்தர் வந்து இரண்டைக் காட்டுவார். அவை அரசுக்கு. மிஞ்சிய ஒன்று குளித்தவருக்கு. தமக்கு எது மிஞ்சும் என்று பிரிக்கும்போது யாருக்கும் தெரியாது.

இலங்கையின் மன்னாருக்குத் தெற்கே கொண்டச்சிக் குடாவிலும், அதையடுத்த சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளிலும் ஆங்கில ஆட்சிக் காலத்தில் நடந்த சலாபங்கள், அதாவது முத்துக்குளிப்புகள், பற்றி வருமானக் கணக்குகள் நிறைய உண்டு. மரிச்சுக்கட்டியில் 1905இல் நடந்த சலாபத்தில் மட்டும் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்கு 25 லட்சம் ரூபாய் கிடைத்தது. ஆனால் மனிதர் எப்போது நேர்மையாக இருக்கிறார்கள், எப்போது வழுவுகிறார்கள் என்ற கேள்விக்கும் அந்த மணற்கரை சாட்சி சொல்லக்கூடும். அந்தச் சாட்சியத்தை இதுவரை யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை.

திருக்குறள் 'கள்ளாமை' அதிகாரத்தை 'வாய்மை'க்கு முன்னால் வைத்திருக்கிறது. களவு கையில் அல்ல, நினைப்பில் தொடங்குகிறது என்பது அங்கே வள்ளுவரின் நிலை. அதை ஏற்றுக்கொண்டால் அடுத்த கேள்வி எழுகிறது: அந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது? பிறவிக் குணத்திலிருந்தா, நிற்கும் இடத்திலிருந்தா?

கொட்டில் நின்றவருக்கு வந்த நினைப்பு ஒன்றுதான். ஒரு குவியலைச் சிறுக்க வைத்தால் அதுவே தன் தலையில் விழலாம். அதனால் நல்லவரும் சரியாகப் பிரித்தார், அவ்வளவு நல்லவரல்லாதவரும் சரியாகப் பிரித்தார். 1906இல் மரிச்சுக்கட்டியில் பணிபுரிந்த ஆங்கிலேய அதிகாரி லெனார்ட் வுல்ஃப் பின்னாளில் தம் தன்வரலாற்றில் அந்தச் சலாபத்தை நினைவுகூர்கிறார். கீழக்கரை, தூத்துக்குடி, அரபுக் கரை என்று பல திசைகளிலிருந்து பல்லாயிரம் பேர் கூடிய பாளையத்தை நிர்வகித்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க வெள்ளை அதிகாரிகளே. கொட்டின் ஒழுங்கு துப்பாக்கியால் வந்ததல்ல.

இனிச் சிப்பி கழுவும் தொட்டிக்கு வருவோம். அரசின் பங்கிலிருந்து ஏலத்தில் வாங்கிய சிப்பியை வியாபாரிகள் நாள்கணக்கில் அழுகவிட்டு, பிறகு கழுவி முத்தெடுப்பார்கள். நாற்றம் காத தூரம் வீசும். அங்கே கழுவியவர்கள் கூலிக்காரர்கள். கையை வாய்ப்பக்கம் கொண்டுபோகக் கூடாது. பக்கத்தில் காவலாள் நிற்பான். இத்தனை இருந்தும் களவு நடந்தது. ஒரு நல்ல முத்தை விழுங்கிவிட்டால் பல நாள் கூலியை விழுங்கியது மாதிரி. சந்தேகப்பட்டவர்களை அடைத்துவைத்து, வாந்திக்கும் பேதிக்கும் மருந்து கொடுத்தார்கள் என்று 1803இல் வெளிவந்த தம் இலங்கை நூலில் ராபர்ட் பெர்சிவல் எழுதியிருக்கிறார்.

பெர்சிவலின் காலத்தவர் இதைச் சுதேசிகளின் குணக்கேடாகவே வாசித்தார்கள். அந்த வாசிப்பு நிற்காது. கொட்டில் எண்ணிப் பார்க்கவே அவசியமில்லாமல் சமமாகப் பிரித்தவர்களும் அதே கரையின் மக்கள்தாம். ஒருவருக்குப் பங்கு இருந்தது. மற்றவருக்குக் கூலியும் காவலாளும் மட்டும் இருந்தன. (தண்ணீரில் கால் நனைக்காமலே மூன்றில் இரண்டை எடுத்துக்கொண்டது யார் என்பதும் கேட்கத்தக்கதுதான். அந்தக் கணக்கைக் குணத்தில் எழுத யாரும் துணியவில்லை.)

ஆனால் ஏற்பாடே எல்லாம் என்று முடித்துவிடவும் முடியாது. பாருக்கும் கரைக்கும் இடையே வள்ளத்தில் கழியும் நேரம் அதைத் தடுக்கிறது. கொட்டில் நேர்மையாகப் பிரித்த அதே குளிகாரர் வழியிலேயே சில சிப்பிகளைத் திறந்து பார்ப்பதுண்டு. அதைத் தடுக்க வள்ளங்களில் காவலரை ஏற்றினார்கள். மூன்று குவியல் முறை அதன் வேலிக்குள் மட்டும்தான் வேலை செய்தது. வேலிக்கு வெளியே அவரவர் நினைப்பு அவரவருடன் இருந்தது.

நினைப்பின் வலிமைக்கு இன்னொரு சான்று கடல்கட்டி. சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் சொல்லும் அவர் இல்லாமல் குளிகாரர் நீரில் இறங்க மாட்டார்கள். மந்திரத்தில் துளியும் நம்பிக்கையில்லாத ஆங்கில அரசு அவருக்குச் சம்பளம் கொடுத்தது. 1859இல் வெளிவந்த தம் இலங்கை நூலில் எமர்சன் டெனன்ட் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். சுறா கட்டுப்பட்டதோ இல்லையோ, அச்சம் கட்டுப்பட்டது. அரசுக்கு அதுவே போதுமாயிருந்தது. அந்தச் சம்பளத்தை நேர்மை என்பதா, சௌகரியம் என்பதா? இரண்டாவதுதான் என்று படுகிறது.

இனி மிஞ்சுவது குளிகாரரின் கயிறு. காலில் கல்லை மாட்டிக்கொண்டு இறங்குகிறவர் ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின் அடியில் இருப்பார். மூச்சு முட்டினால் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். மேலே இருப்பவர் அந்தக் கணமே இழுக்க வேண்டும். திரும்பத் திரும்ப இதே வேலை, வெயிலில். கயிறு பிடிக்க மனைவியின் உடன்பிறந்தானையே வைப்பார்கள், தங்கையின் தாலியை அவன் அறுக்கமாட்டான் என்று முத்துக்கரையில் ஒரு பேச்சு உண்டு. அதுவும் ஓர் ஏற்பாடுதான். உறவைப் பிணையாக வைத்த ஏற்பாடு. ஆனால் மைத்துனர் இல்லாத குளிகாரரும் இறங்கினார்கள், ஏறிவந்தார்கள். அவர்களுடைய கயிற்றைப் பிடித்தவர்களைக் கட்டுப்படுத்தக் குவியல் முறையும் இல்லை, காவலாளும் இல்லை, பிணையும் இல்லை. கண் அயராமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1906இல் அரசு பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க்கு ஒரு கம்பனியிடம் 20 வருடக் குத்தகைக்கு விட்டது. 1907க்குப் பின் சிப்பி அருகியது. குத்தகை, சிப்பி எண்ணிக்கை, ஏல விலை எல்லாம் அறிக்கைகளில் இருக்கின்றன. கயிறு பிடித்தவர்களின் பெயர்ப் பட்டியலை யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.