அழும் பச்சிளம் குழந்தையைத் துணியில் சுற்றுவது எப்படி?

பால் கொடுத்தாகிவிட்டது. ஈரத்துணியை மாற்றியாகிவிட்டது. ஏப்பமும் விட்டாகிவிட்டது. ஆனாலும் பொழுது சாய்ந்ததும் குழந்தை வீறிட்டு அழத் தொடங்குகிறது. 'பால் பற்றவில்லை', 'வயிற்று வலி' என்று ஆளுக்கொன்று சொல்ல, பெற்ற தாய் கலங்கிப் போகிறாள்.

பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து குழந்தையின் அழுகை கூடிக்கொண்டே போய், ஏறத்தாழ 6வது வாரத்தில் உச்சத்தைத் தொடும். பிறகு படிப்படியாகக் குறைந்து 3, 4 மாதங்களில் தணியும். நல்ல ஆரோக்கியமான குழந்தைகளுக்கும் இது உண்டு. இந்த நாட்களைக் கடக்க உலகின் பல சமூகங்கள் கையாண்ட பழைய வழிகளில் ஒன்று, குழந்தையை மெல்லிய துணியில் இதமாகச் சுற்றுவது. முறையாகச் செய்தால் பலன் உண்டு. முறை தவறினால் குழந்தையின் இடுப்பு மூட்டுக்கும், சில வேளை உயிருக்கும் ஆபத்து.

சுற்றினால் ஏன் அமைதியாகிறது?

கருவறை நெருக்கமான இடம். வெளியே வந்த குழந்தையின் கைகளுக்கு அந்த அணைப்பு இல்லை. திடீர்ச் சத்தம் கேட்டாலும், கையிலிருந்து கீழே கிடத்தினாலும் அது திடுக்கிட்டு இரு கைகளையும் விரித்து உதறும். குழந்தை மருத்துவர் எர்ன்ஸ்ட் மோரோ 1918ல் இதை விவரித்ததால் 'மோரோ அனிச்சைச் செயல்' என்று மருத்துவர்கள் அழைக்கிறார்கள். அரைத் தூக்கத்தில் இருக்கும் குழந்தையை இந்த உதறலே எழுப்பிவிடுகிறது. துணி கைகளை அணைத்திருந்தால் உதறல் குறையும், தூக்கம் நீளும்.

அரபியில் இத்துணிக்கு 'கிமாத்' என்று பெயர். இப்னு ஸீனா தமது புகழ்பெற்ற மருத்துவ நூலான 'அல்கானூன் ஃபித்திப்'பில் பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றுவது பற்றியும் எழுதியிருக்கிறார். மென்மையாக ஆட்டுவதும் இனிய ஓசையும் குழந்தைக்குத் தேவை என்பது அவர் கருத்து.

கால்களை இறுக்கக் கூடாது

'கால் நேராக வளர வேண்டும்' என்று இரு கால்களையும் நீட்டிச் சேர்த்து இறுக்கிக் கட்டும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டு இளங்குருத்து போன்றது. கால்கள் மடங்கி, தவளையின் கால்களைப் போல் பக்கவாட்டில் விரிந்திருப்பதே அதற்கு இயல்பு. நீட்டிக் கட்டினால் தொடை எலும்பின் தலை, குழியிலிருந்து விலகக்கூடும்.

ஜப்பான் இதற்குச் சான்று. அங்கு 1965க்கு முன் இடுப்பு மூட்டு விலகல் நூற்றுக்கு ஒரு குழந்தைக்கு மேல் காணப்பட்டது. குழந்தையின் கால்களை நீட்டிக் கட்ட வேண்டாம் என்று 1975ல் நாடு தழுவிய பிரச்சாரம் தொடங்கியது. அதன் பின் அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்கு இரண்டுக்கும் கீழே இறங்கியது.

சுற்றும் முறை

1. ஏறத்தாழ ஒரு மீட்டர் சதுரமுள்ள மெல்லிய பருத்தித் துணி போதும். துவைத்த பழைய வேட்டியும் ஆகும்.

2. துணியை ஒரு முனை மேலே இருக்கும்படி விரித்து, அந்த முனையைச் சற்றுக் கீழே மடியுங்கள். மடிப்பின் விளிம்பு தோளுக்கு நேராக வரும்படி குழந்தையை மல்லாக்கக் கிடத்துங்கள்.

3. ஒரு கையை உடலோடு இயல்பாக வைத்து, அந்தப் பக்கத் துணியை மார்பின் குறுக்கே கொண்டுசென்று மறுபக்க முதுகின் கீழ் செருகுங்கள். மறு கையையும் அப்படியே செய்யுங்கள்.

4. கீழ் முனையைத் தளர்வாக மடித்துவிடுங்கள். குழந்தை முழங்காலை மடக்கி விரிக்க இடம் இருக்க வேண்டும்.

5. மார்புக்கும் துணிக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல்கள் நுழைய வேண்டும். அதைவிட இறுகினால் மூச்சுக்குச் சிரமம். மிகத் தளர்ந்தால் துணி முகத்தில் ஏறிவிடும்.

தவிர்க்க வேண்டியவை

சுற்றிய குழந்தையை எப்போதும் மல்லாக்கவே படுக்க வையுங்கள். குப்புறவோ ஒருக்களித்தோ படுக்க வைக்கக் கூடாது. அருகில் தலையணை, போர்வை, பொம்மை வேண்டாம். சேலைத் தூளியிலும் போடாதீர்கள். தூளியின் வளைவில் தாடை நெஞ்சில் முட்டி மூச்சு அடைபடலாம். துணி முகத்தை மூடினால் விலக்க அதற்குக் கை இல்லை.

நம் ஊர் வெயிலில் சூடும் ஒரு ஆபத்து. பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் துணியை அவிழ்த்துவிடுங்கள். தலையையும் முகத்தையும் மூட வேண்டாம். எடை சேர்த்துத் தைத்த சுற்றுத்துணிகளை வாங்க வேண்டாம்.

பால் கொடுக்கும்போது அவிழ்த்துவிடுங்கள். கையை வாய்க்குக் கொண்டுபோவது பசியின் தொடக்க அடையாளங்களில் ஒன்று. சுற்றியே வைத்திருந்தால் அது உங்களுக்குத் தெரியாமல் போகும். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 முறை தாய்ப்பால் தேவை. தூங்குகிறதே என்று வேளையைத் தவற விடாதீர்கள்.

குழந்தை புரள முயலும் முதல் அறிகுறியிலேயே சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும். சில குழந்தைகள் 2 மாதத்திலேயே முயல்வார்கள். கைகள் கட்டுண்ட நிலையில் குப்புறப் புரண்டால் மூச்சுத் திணறி உயிர் போகலாம்.

எப்போது மருத்துவரிடம் செல்வது?

துணி நோய்க்கு மருந்தல்ல. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலும், மூச்சு வாங்கினாலும், துவண்டு கிடந்தாலும் சுற்றிச் சமாதானப்படுத்திக் கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். ஒரு காலை மட்டும் அசைக்காதிருந்தாலும், இரு தொடைகளும் சமமாக விரியாவிட்டாலும் காட்டுங்கள்.

இந்த முறையை உம்மா மட்டுமன்றி வாப்பாவும் கற்றுக்கொள்வது நல்லது. இரவெல்லாம் விழித்த தாய்க்கு ஒரு மணி நேர உறக்கம் பெரிய உதவி. எவ்வளவு எரிச்சல் வந்தாலும் குழந்தையை உலுக்கக் கூடாது, அதனால் மூளையில் இரத்தக் கசிவு ஏற்படும். பொறுமை எல்லை மீறுகிறது என்றால் குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கக் கிடத்திவிட்டுச் சில நிமிடங்கள் விலகி நில்லுங்கள், அல்லது வீட்டிலுள்ள இன்னொருவரிடம் கொடுங்கள்.