உதிரிப்பாகப் பஞ்சமும் பட்டறைக் கைத்திறனும்

இலங்கையின் 1970–77 காலப் பொருளாதார நெருக்கடியை விளக்குவோர் அரிசிப் பங்கீட்டையும் பாண் வரிசையையுமே முதலிற் சுட்டுவர். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வளர்த்த கைத்திறனைக் காணவோ வாகனப் பட்டறைக்குள் நுழைதல் வேண்டும்.

வெள்ளவத்தை, தெஹிவளை வழியே காலி வீதியில் ஓடிய மொறிஸ் மைனர் பிரித்தானியாவில் 1948 முதல் உற்பத்தியானது. 1970களின் முற்பகுதியில் அவ்வுற்பத்தியும் நின்றது. புதிய உறுப்பை வரவழைக்க இறக்குமதி அனுமதி தேவை. ஆகவே தேய்ந்ததையே மீட்க வேண்டியதாயிற்று. தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து உள்ளுறை செருகுவர். கிராங்க் தண்டைச் சாணையிட்டு, குறைந்த அதன் பருமனுக்கேற்ற பெயரிங் பொருத்துவர். பிறேக் கட்டைக்குப் புதிய உராய்வுப் பட்டி அறைவர். கழிக்கப்பட்ட வாகனங்களின் உறுப்புகளுக்கு மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை பெயர்பெற்றது.

1977இல் இறக்குமதி தாராளமாக்கப்பட்டதும் யப்பானிய வாகனங்கள் பெருகின. பழைய கைத்திறன் இனி வேண்டாததென்றே தோன்றியிருக்கும். யாழ்ப்பாணத்தின் கதை வேறு. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வந்த பொருளாதாரத் தடை பெற்றோலையும் உதிரிப்பாகங்களையும் மறித்தது. அங்கே ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரத்தைக் கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் காபரேற்றரில் விடப்படும். சூடேறியபின் மண்ணெண்ணெய் போதும். அழுத்த விகிதம் குறைந்த பழைய இயந்திரமே இதற்கு இடங்கொடுத்தது. பழமை இங்கே குறையன்று, தகுதி! நோயாளரை ஆசுபத்திரி சேர்த்தவையும் பலவேளை இக்கார்களே.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கார்களின் விலை பன்மடங்கு ஏறிற்று.