பாஸ்டன் வார்டிலிருந்து வந்த நான்கு கட்டளைகள்

காந்திபுரம் நூறடி ரோட்டில் நான் வேலை பார்த்த மாடியில் ராத்திரி முழுக்க விளக்கு எரியும். அமெரிக்க மருத்துவமனைகளுக்கான பில்லிங் வேலை. கோவையில் மெடிக்கல் கோடிங் படித்துவிட்டு இப்படி நைட் ஷிஃப்டில் உட்காருகிறவர்கள் ஏராளம். அவர்கள் கைக்கு வரும் நோயாளி விவரங்களில் கணிசமானவை 'எம்' என்ற நிரல்மொழியின் வம்சத்தில் பிறந்த மென்பொருள்களிலிருந்து கிளம்பியவை. எபிக், மெடிடெக் இரண்டுக்கும் வேர் அதுதான். அந்த எம்மிலிருந்து தரவை ஒரு ஃபைலாக எழுதி வெளியே அனுப்புவது என் பொறுப்பு.

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருத்தன் வந்தான். "ஏனுங்ண்ணா, ஃபைலை ஓபன் பண்ணியாச்சு. ரைட் குடுத்தா ஸ்கிரீன்லயே வந்து விழுகுதுங்க."

நடுவில் 'யூஸ்' விட்டுப்போயிருந்தது. எம்மில் ஓபன் என்றால் அந்தச் சாதனம் உன் வசம் வந்தது, அவ்வளவுதான். யூஸ் சொன்ன பிறகே எழுதுவதெல்லாம் அதற்குப் போகும். பிறகு ரைட். குளோஸ் சொன்னால் அதை விட்டுவிட்டாய். இந்த வரிசை ஏன் என்று அவனுக்கு விளக்க 1966க்குப் போக வேண்டியிருந்தது.

பாஸ்டனில் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனை. அங்கே டாக்டர் ஆக்டோ பார்னெட்டின் ஆய்வகத்தில் நீல் பாப்பலார்டோ, கர்ட் மார்பிள், ராபர்ட் கிரீன்ஸ் ஆகியோர் 1966-67ல் ஒரு பிடிபி-7 கணினியில் இந்த மொழியை உருவாக்கினார்கள். அன்றைக்குப் பெயர் மம்ப்ஸ். ஒரே கணினியில் ஒரே நேரத்தில் பலர் வேலை செய்ய வேண்டும். நோயாளியின் விவரத்தைச் சேமிக்க அவர்கள் ஃபைலைத் தேடவே இல்லை. ஒரு மாறியின் பெயருக்கு முன்னால் கூரைபோல ஒரு குறி போட்டால் அது வட்டிலேயே நிலைத்துவிடும். அதற்கு 'குளோபல்' என்று பெயர். தரவுக்கு வீடு அங்கேயே அமைந்துவிட்டதால், ஓபன் கட்டளை அச்சுப்பொறிக்கும் நாடாவுக்கும் டெர்மினலுக்கும் உரியதாக இருந்தது.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஒருவர் எழுந்தால்தான் அடுத்தவர் அந்த மெஷினில் உட்கார முடியும். பிரின்டர் கதையும் அதுதான். அதனால்தான் ஓபனோடு "பத்து விநாடி காத்திரு" என்று சேர்த்துச் சொல்ல இடம் வைத்தார்கள். கிடைத்ததா இல்லையா என்பதை 'டெஸ்ட்' என்ற மாறி சொல்லும். ரைட்டோடு ஆச்சரியக்குறி போட்டால் அடுத்த வரி, ஹேஷ் போட்டால் புதுப் பக்கம், கேள்விக்குறியும் 20ம் போட்டால் இருபதாவது கட்டத்துக்கு நகர்வு. எல்லாமே காகிதத்துக்கான சைகைகள். ஃபைலுக்கு எழுதும்போதும் இன்றுவரை அவையேதான்.

1977ல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் இந்த மொழிக்குத் தரம் வகுத்தது. ஆனால் சாதனத்தை எப்படித் திறப்பது என்பதன் நுணுக்கங்களைத் தயாரிப்பாளர்களிடமே விட்டுவிட்டது. இன்டர்சிஸ்டம்ஸ் தரும் காஷே என்ற எம்மில் ஒரு விதம், ஜிடிஎம் என்ற எம்மில் வேறு விதம். இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்தவர்கள் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் நிரலாளர்கள் என்பேன். அவர்களுடைய விஸ்டா மென்பொருளில் ஃபைலைத் திறக்கவும் மூடவும் பொதுவான நிரல்களை எழுதி வைத்தார்கள். அடியில் எந்த எம் இருந்தாலும் மேலே உள்ள நிரலைத் தொட வேண்டாம். அதே விஸ்டாவைத்தான் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் டெல்லியின் மேக்ஸ் மருத்துவமனைகளும் எடுத்துக்கொண்டன.

ஜிடிஎம்மில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. ஏற்கெனவே உள்ள ஃபைலைச் சும்மா திறந்து எழுதப்போனால், "நீ கடைசியில் நிற்கவில்லை" என்று பிழை சொல்லி மறுத்துவிடும். 'நியூவெர்ஷன்' என்று சேர்த்தால் பழைய ஃபைலின் பெயரோடு நேரத்தை ஒட்டி ஒதுக்கி வைத்துவிட்டு, புதிதாக ஒன்று தரும். நோயாளியின் பழைய குறிப்பை யாரும் கிழித்துப் போடக் கூடாது என்ற மருத்துவமனைப் பழக்கத்தை நான் அதில் காண்கிறேன். பையனிடமும் அதைத்தான் சொன்னேன்.

ஜிடிஎம் 2000ல் லினக்ஸில் திறந்த மூலமாக வந்தது. அதன் வழியில் கே.எஸ். பாஸ்கர் 2017ல் யோட்டாடிபியைத் தொடங்கினார். இவற்றைக் காசு செலவில்லாமல் லேப்டாப்பில் போட்டுக்கொள்ளலாம் என்றதும் பையன் அன்று ராத்திரியே இறக்க ஆரம்பித்துவிட்டான்.