சாவிக் கொத்தில் ஒரு விளக்கு

தீவட்டி என்னும் சொல்லுக்குத் தமிழில் அவ்வளவு நல்ல பெயர் கிடையாது. சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் போகும்போது மட்டும் அதற்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. மற்றபடி தீவட்டித் தடியன் என்றால் வசவு. தீவட்டிக் கொள்ளை என்றால் ஊரே கதவைத் தாளிட்டுக் கொண்டு நடுங்கும். அந்தக் காலத்தில் ராத்திரி வேளையில் வெளிச்சத்தோடு நடமாடுவது சாமானிய ஜனங்களின் காரியமாக இருக்கவில்லை. தெய்வம் போகும், ராஜா போவார், திருடன் போவான். மற்றவர்கள் இருட்டியதும் வீட்டோடு இருந்தார்கள். போய்த்தான் தீர வேண்டுமென்றால், நிலா எப்போது எழும் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டினார்கள்.

பிறகு ஹரிக்கேன் லாந்தர் வந்தது. காற்றில் அணையாது என்பது அதன் பெருமை. ஆனால் சிம்னியைச் சாம்பல் போட்டுத் துடைக்க வேண்டும், திரியை நறுக்க வேண்டும், மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும். இத்தனையும் செய்து கையில் எடுத்துக் கொண்டு நடந்தால், பாதி வெளிச்சம் பிடித்திருப்பவன் கண்ணிலேயே விழும். காலடியிலோ, எண்ணெய்த் தொட்டியின் நிழல். எந்த இடத்தைப் பார்க்க வேண்டுமோ அந்த இடத்தை மட்டும் மறைத்துக் காட்டுகிற விளக்கு அது.

இந்தப் பழைய சங்கதியெல்லாம் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். சாவிக் கொத்தில் மாட்டிக் கொள்ள ஒரு சின்ன டார்ச் விளக்கு வாங்க வேண்டியிருந்தது. கடையில் நூறு தினுசு. எதை வாங்குவது என்று தெரியாமல் டார்ச்சின் பூர்வோத்தரத்தை விசாரிக்கப் போனேன். விசாரித்த பிறகு வாங்குவது சுலபமாகி விட்டது.

டேவிட் மிஸெல் என்பவர் கண்டுபிடித்த கை விளக்குக்கு 1899-ம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி அமெரிக்காவில் பேட்டண்டு கிடைத்தது. ஒரு குழாய்க்குள் வரிசையாக உலர்ந்த மின்கலங்கள். முனையில் ஒரு பல்பு. அதன் பின்னால் பித்தளைப் பிரதிபலிப்பான். இன்றைக்கும் டார்ச்சின் உருவம் அதுதான். அந்த உரிமையைக் கையில் வைத்துக் கொண்டு வியாபாரத்தைப் பெருக்கியவர், ருஷ்ய தேசத்து மின்ஸ்க் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த கான்ராட் ஹூபெர்ட். அந்த நாள் மின்கலத்துக்கும் பல்புக்கும் சக்தி போதாது. தொடர்ந்து எரியவிட்டால் சற்று நேரத்தில் சோர்ந்து விடும். ஆகவே விட்டு விட்டு அமுக்க வேண்டும், பளிச், பளிச்! அமெரிக்கர்கள் அதற்கு 'பிளாஷ் லைட்' என்று பெயர் வைத்தது இதனால்தான். இங்கிலீஷ்காரர்கள் பழைய பந்தத்தின் பெயரையே எடுத்து 'டார்ச்' என்றார்கள். நமக்கு வந்தது அவர்கள் வைத்த பெயர். ஆக, நம் சட்டைப் பையில் இருப்பதும் ஒரு விதத்தில் தீவட்டியேதான்.

எவரெடி மின்கலம் 1905-லேயே இந்தியாவுக்குள் இறக்குமதியாயிற்று. பிற்பாடு கல்கத்தாவிலும் நம்முடைய திருவொற்றியூரிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. டார்ச்சுக்கென்றே லக்னோவில் 1958-ல் ஒன்று வந்தது. சிவப்புச் செல்லின் மேல் ஒன்பது என்ற எண்ணுக்குள் ஒரு பூனை பாயும். இந்தியக் கிராமங்களின் இருட்டை விலக்கிய அந்தப் பூனையின் எஜமானர், யூனியன் கார்பைடு கம்பெனி. 1984 டிசம்பர் 2-ந் தேதி நள்ளிரவுக்குப் பின் போபாலில் விஷ வாயுவைக் கசிய விட்டு ஆயிரக்கணக்கானவர்களைச் சாகடித்ததும் அதே கம்பெனியின் தொழிற்சாலைதான். 1994-ல் கம்பெனி கை மாறியது. மறு வருஷம் பெயரும் மாறியது. பூனை மட்டும் அப்போதும் அப்படியே இருந்தது.

இனித் தாம்பரத்துக்கு வருவோம். 1931 மே மாதத்தில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. தாம்பரத்தில் காச நோய் சானடோரியம் அதற்கு முன்பே, 1928-ல், வந்து விட்டது. 1937-ல் கிறிஸ்துவக் கல்லூரி பாரிமுனைப் பக்கத்தை விட்டு, சேலையூரை ஒட்டிய முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட புதர்க்காட்டுக்குக் குடி வந்தது. பட்டணத்தில் வாடகை கொடுத்து மாளாத குமாஸ்தாக்கள், மலிவாக மனை கிடைக்கிறதே என்று பின்னாலேயே வந்தார்கள். என் தாத்தா 1950-களின் கடைசியில் கிழக்குத் தாம்பரத்தில் வீடு கட்டியவர். வண்டியில் மின்சார விளக்கு, பிளாட்பாரத்தில் மின்சார விளக்கு. கேட்டைத் தாண்டி ஒரு பர்லாங்கு நடந்தால் அந்தகாரம். கடைசி வண்டியில் இறங்குகிறவர்கள் சேர்ந்தாற்போல் நடப்பார்களாம். கூட்டத்தில் இரண்டு பேரிடம் டார்ச் இருந்தால் போதும். அவரவர் தெரு வந்ததும் அவரவர் பிரிந்து போவார்கள். டார்ச் வைத்திருப்பவர் மட்டும் கடைசி ஆளை வீட்டு வாசலில் விட்டுவிட்டுத்தான் தம் வீட்டுக்குப் போக வேண்டும். தாத்தாவின் தெரு எல்லாவற்றிலும் கடைசித் தெரு. பித்தளை டார்ச்சு வாங்கியதும் அவர்தான். அதனால் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

ஊரில் பயம் திருடனைப் பற்றியதல்ல. ரோமுலஸ் விட்டேகர் தம்முடைய பாம்புப் பண்ணையை முதன் முதலில் ஆரம்பித்த இடம் சேலையூர் என்றால் ஊரின் யோக்கியதை விளங்கும். 1972-ல்தான் அது கிண்டிக்குப் போயிற்று. பண்ணை போய் விட்டதே தவிர, ஊர்ப் பாம்புகள் கூடவே புறப்பட்டுப் போய்விடவில்லை. நல்ல பாம்பாவது சீறும். கண்ணாடி விரியனும் குக்கர் மாதிரி சத்தம் போடும். கட்டு விரியன் இருக்கிறதே, அது இருட்டியபின் வெளியே வரும், ஓசைப்படாது, கடித்தாலும் பெரிதாக வலிக்காது. வலிக்கவில்லையே என்று திரும்பப் படுத்தவர்கள் எழுந்திருக்காமலே போனதுண்டு. 2000-லிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வருஷத்துக்கு 58,000 பேர். கடிக்கு மருந்து செய்ய விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள், நம் கிழக்குக் கடற்கரைச் சாலை வடநெம்மேலியில் 1978-ல் கூட்டுறவுச் சங்கம் வைத்த இருளர்கள். அவர்கள் செய்வது மகத்தான காரியம். ஆனால் மருந்து தேவைப்படாமல் இருப்பதற்கு வழி, கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வைப்பதுதான். அதற்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? ஒரு மெழுகுவர்த்தி ஏறத்தாழ 12 லூமன் வெளிச்சம் தருகிறது. அந்த அளவு வெளிச்சத்தைச் சிதறாமல் காலுக்கு முன்னால் கூட்டி விழச் செய்தால் போதும். கடைக்காரர்கள் 1,000 லூமன் என்று அட்டையில் அச்சடித்திருப்பதைப் பார்த்து நாம் மயங்க வேண்டியதில்லை. விரல் பருமன் விளக்கில் அத்தனை வெளிச்சம் வந்தால், சூடு தாங்காமல் ஓரிரு நிமிஷத்தில் தானே இறங்கி விடும்.

தாத்தாவின் டார்ச்சு மூன்று செல் போடுவது. அலமாரியின் மேல் தட்டில் இருக்கும், எங்களுக்கு எட்டாது. செல் தீர்ந்தால் வெயிலில் காய வைப்பார். ஒரு நாள் கூடுதலாக எரியும். அதற்கும் மசியாவிட்டால் எங்களுக்குக் கிடைக்கும். உடைத்துக் கரிக் குச்சியை எடுத்துத் தரையில் கோடு போட்டு விளையாடுவோம். அந்தச் செல்லில் ஒரு கோளாறு உண்டு. அதன் துத்தநாகக் கூடுதான் பாத்திரம், அதுவேதான் எரிபொருளும். மின்சாரம் தரத் தரப் பாத்திரம் அரித்துக் கொண்டே போகும். கடைசியில் ஓட்டை விழுந்து உள்ளேயிருக்கும் உப்புக் கரைசல் ஒழுகும். பித்தளை டார்ச்சு எத்தனை தடவை கீழே விழுந்தாலும் நசுங்குமே ஒழியச் சாகாது. அதைக் கொன்றதெல்லாம் உள்ளே இருந்து ஒழுகிய செல்தான்.

அது ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்றால், பல்பின் பெரும் பசி. கம்பி வெண்மையாகக் காய்ந்து ஒளிர வேண்டும். செலவாகும் மின்சாரத்தில் பெரும் பகுதி சூடாகப் போய்விடும். இந்தப் பசிக்குச் சின்ன மின்கலம் கட்டுபடியாகாது. டாக்டர்களின் பேனா டார்ச்சுதான் அந்த நாளில் சிறுத்ததற்கு எல்லை. ஜப்பானில் நாகாமுரா என்னும் இன்ஜினீயர் ஒரு சிறிய கம்பெனியில் உட்கார்ந்து 1993-ல் பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்தார். நீல வெளிச்சத்தின் மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பூச்சைப் பூசியதும் வெள்ளை வெளிச்சம் வந்தது. அவருக்கும், அதே துறையில் முன்னோடிகளான அகாசாகி, அமானோ இருவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்த வெள்ளை விளக்குக்கு வேண்டியது சுமார் 3 வோல்ட். காசு மாதிரி இருக்கும் லித்தியம் மின்கலம் தருவதும் 3 வோல்ட். இடையில் எந்தக் கருவியும் வேண்டாம். இரண்டையும் சேர்த்து அமுக்கினால் எரியும். நூறு வருஷமாகச் சிறுக்க முடியாமலிருந்த டார்ச்சு, பத்து வருஷத்துக்குள் சாவி வளையத்தில் ஏறிக் கொண்டது.

நான் முதலில் வாங்கியது பீச் வண்டியில். பார்வையற்ற வியாபாரி ஒருவர், பல்லாவரம் தாண்டியதும் எங்கள் பெட்டிக்கு வந்தார். தோளில் அட்டை உறை, பேனா, சீப்பு, சாவி விளக்கு. நான் ஒன்றை எடுத்து எரிய விட்டுப் பார்த்தேன்.

"எரியறதைப் பார்க்காதீங்க சார், எல்லாந்தான் எரியும். காதுகிட்ட வச்சு அமுக்குங்க. 'டிக்'குன்னு ஒரே சத்தம் வரணும். கொழகொழன்னு இருந்தா ஒரு மாசங்கூட வராது" என்றார்.

நாலைந்தை அமுக்கிக் கேட்டு, ஒன்றை அவரே பொறுக்கிக் கொடுத்தார். விலை இருபது ரூபாய்.

அந்த விளக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் உழைத்தது. 2015 டிசம்பர் 1-ந் தேதி பெய்த மழை நினைவிருக்கிறதா? தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். அடையாறு பெருகி, முடிச்சூரும் வரதராஜபுரமும் ஏரிகளாயின. எங்கள் தெருவில் கீழ் வீடுகளில் மார்பளவு தண்ணீர். மின்சாரம் இல்லை. கைபேசியிலேயே டார்ச்சு இருக்கும்போது தனியாக எதற்கு என்று கேட்பவர்கள் அந்த இரண்டாவது ராத்திரியைப் பார்த்திருக்க வேண்டும். மாடியில் நாங்கள் பதினோரு பேர். முதல் ராத்திரி முழுவதும் கைபேசி வெளிச்சத்தில் சாமான்களை மேலே ஏற்றினோம். மறு நாள் எல்லோருடைய கைபேசியும் ஒவ்வொன்றாக உயிரை விட்டது. கீழ் வீட்டு மாமிக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் பாட்டிலை மடியில் கட்டிக் கொண்டுதான் படியேறியிருந்தார். ஊசியில் 40 கோடுகள். அவர் போட்டுக் கொள்ள வேண்டியது 18. இரண்டு கோடு கூடினாலும் சாப்பாடில்லாத வயிற்றில் என்ன ஆகும் என்பது மாமிக்கு நன்றாகத் தெரியும். மெழுகுவர்த்தியைக் காற்று நிற்க விடவில்லை.

"தம்பி, கோட்டுமேல படறாப்பல பிடிப்பா. கையை ஆட்டாதே" என்றார்.

பிடித்துக் கொண்டேன். மாமி ஊசியை உயர்த்தி, குமிழியைத் தட்டி வெளியேற்றி, மூன்று தரம் எண்ணிப் பார்த்துவிட்டுப் போட்டுக் கொண்டார். மறு நாள் பகலில் படகு வந்தது.

தண்ணீரில் கிடந்த அந்த விளக்கு ஒரு மாதத்தில் துருப்பிடித்துப் போயிற்று. இருபது ரூபாய்க்கு அதனிடம் இன்னும் என்ன எதிர்பார்ப்பது?

அடுத்ததை வாங்கும்போது காசு மின்கலம் வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்தேன். காரணம் வேறு. குழந்தை அதை விழுங்கி, அது உணவுக் குழாயில் தங்கிவிட்டால், இரண்டே மணி நேரத்தில் குழாயைப் பொசுக்கி விடும். சின்னக் குழந்தை உள்ள வீட்டில் திருகாணி போட்டு மூடாத விளக்கைச் சாவிக் கொத்தில் தொங்க விடுவது எனக்குச் சம்மதமில்லை. மின்சாரத்தில் சார்ஜ் செய்கிற தினுசு அழகாகத்தான் இருக்கிறது, வெளிச்சமும் அதிகம். ஆனால் விளக்கு அவசியமாகிற நாளில் மின்சாரம் இராது. மிச்சம் இருப்பது, டி.வி. ரிமோட்டுக்குப் போடும் சின்னப் பென்சில் செல் ஒன்றில் எரிகிற விளக்கு. செல்லின் 1.5 வோல்ட்டை எல்.இ.டி.க்கு வேண்டிய அளவுக்கு உயர்த்த உள்ளே ஒரு சிறு சுற்று வைத்திருப்பார்கள். அந்தச் செல் விற்காத பெட்டிக் கடை தாம்பரத்தில் கிடையாது. கடை மூடியிருந்தால் ரிமோட்டே கடை.

உடம்பு அலுமினியமாக இருக்கலாம். அமிலத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சி மேல் தோலைக் கெட்டிப்படுத்தியிருந்தால், சாவி உரசினாலும் எளிதில் தேயாது. பித்தளை கனம், நம்முடைய உப்புக் காற்றில் பச்சை பூக்கும், ஆனால் துருப்பிடிக்காது. தாத்தாவை நினைத்துக் கொண்டு வாங்குபவர்கள் வாங்கலாம். பிளாஸ்டிக்கில் வளையம் மாட்டும் காதுதான் முதலில் போகும். தலையைத் திருகினால் எரியும்படி இருப்பது நல்லது; பொத்தான் வைத்தது பையில் சாவியோடு நெருக்கியடித்துத் தானே எரிந்து தீர்ந்து விடுகிறது. திருகும் மரைக்குள் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.பி.எக்ஸ். 7 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி தாங்கும் என்று அர்த்தம்.

கார மின்கலமும் ஒழுகத்தான் செய்கிறது. வெள்ளைப் பொடியாகப் பூக்கும். ஆகையால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை விளக்கிலிருக்கும் செல்லை எடுத்து ரிமோட்டில் போட்டுவிட்டு, இதற்குப் புதுச் செல் போடுகிறேன். ரிமோட் பழைய செல்லிலேயே திருப்தியாக வேலை செய்கிறது.