சிலுவை முன் நிலைக்குமா?

சாத்தானும் ஒளியின் தூதரைப் போல வேடமிடுவான் என்று தூய பவுல் எச்சரிக்கிறார் (2 கொரி 11:14). வேடத்தை எப்படிக் கண்டுகொள்வது?

1522-இல் ஸ்பெயினின் மன்ரேசா நகரில் தவம் செய்த தூய இஞ்ஞாசியாருக்கு அழகிய காட்சியொன்று அடிக்கடி தோன்றியது. பாம்பு போன்ற வடிவம். கண்களைப் போல் மின்னும் பல புள்ளிகள். கண்டால் ஆறுதல், மறைந்தால் வருத்தம். அது என்னவென்று அவருக்கு விளங்கவில்லை.

பின்னர் கார்தொனேர் ஆற்றருகே இறைவன் அவரது அறிவுக்கு ஒளி தந்தார். நன்றி சொல்லச் சிலுவை முன் முழந்தாளிட்டபோது அதே காட்சி வந்தது. பழைய அழகு அதில் இல்லை. அலகையின் வேலை எனத் தெளிந்தார். பிறகு அது வந்தபோதெல்லாம் கைத்தடியால் விரட்டினார். உண்மையை அறிந்தபின்பே பொய் வெளிப்பட்டது.

எண்ணத்தின் தொடக்கத்தை மட்டுமல்ல, நடுவையும் முடிவையும் பாருங்கள் என்பது அவரது ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ தரும் விதி. “ஆண்டவர் சொல்கிறார், மருந்தை நிறுத்து” என்ற குரல் செபத்தில் தொடங்கலாம், எங்கே முடியும்? அத்தகைய குரலைக் கேட்டும் ‘ஆறுதல் கிடைத்ததே’ என்று நாம் வாளாவிருந்ததுண்டு. அது தவறு.

ஆறுதல் மட்டும் சான்றாகாது. கேட்டதைச் சிலுவையின் முன் வைப்போம். அங்கும் அதன் அழகு நிலைக்கிறதா?